புடவைக்கார ஸுஹைரின் முழங்கால்

கொட்டகலை பஜாரில் ஸுஹைர் முதலாளியைத் தெரியாதவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதற்குப் பிறகு அவருக்குப் பாடம் சொன்னது தேயிலைத் தோட்டத்துப் படிக்கட்டுகள். பதினைந்து வயதில் புடவைப் பொட்டணியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கியவர், டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லயங்களில் எதற்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பதை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். லயத்து வாசலில் பொட்டணியை அவிழ்த்தால் பத்து வீட்டுப் பெண்கள் வந்து நிற்பார்கள். சீட்டித் துணியைக் கஜக்கோலில் அளப்பார். அளந்து முடித்ததும் அந்த இடத்தில் கத்தரிக்கோலை வைக்கமாட்டார். நாலு விரல் தள்ளித்தான் வெட்டுவார். சரியாக அளந்து கொடுப்பவன் வியாபாரி, கூட்டிக் கொடுப்பவன் மனிதன் என்பது அவருடைய கட்சி.

யாரும் அவருக்கு ஒரு கடையைத் தூக்கிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு பஜாரின் நடுவில் நிற்கிற இரண்டு மாடிக் கடை அந்தப் பொட்டணிக்குள்ளிருந்து வந்தது. அதை அவரே சொல்லுவார். ஒரு தடவை சொல்லி நிறுத்தமாட்டார், கேட்கிற ஆள் எழுந்து போகும் வரைக்கும் சொல்லுவார். உண்மையைச் சொல்ல என்னத்துக்கு வெட்கப்பட வேண்டும்?

இப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. கடையை மகன் ஃபாஸில் பார்த்துக்கொள்கிறான். மலையெல்லாம் ஏறி இறங்கிய வலது முழங்கால்தான் அவரைக் கைவிட்டது. முதலில் படி இறங்கும்போது குத்தியது. பிறகு உட்கார்ந்து எழும்பும்போது நறநறவென்று சத்தம் போட்டது. பிறகு மடங்கவே மறுத்துவிட்டது. மூட்டு தேய்ந்துவிட்டது என்றும், இனி நிலத்தில் உட்காராதீர்கள், தொழுகையைக் கதிரையில் இருந்துகொண்டே தொழுங்கள் என்றும் டாக்டர் சொன்னார்.

அந்தக் கதிரைதான் அவரைக் கொன்றது.

பள்ளிவாசலில் வரிசையின் ஓரமாக நாலைந்து பிளாஸ்டிக் கதிரை போட்டிருப்பார்கள். முட்டி போனவர்கள், இடுப்புப் போனவர்கள் அதில் இருந்து தொழுவார்கள். கால் நன்றாக இருந்த காலத்தில் ஸுஹைர் அதைப் பார்த்து, "என்ன, ரயிலுக்குப் பாத்துக்கிட்டு இருக்கிற ஆக்களா?" என்று கேட்டுச் சிரித்தவர். அவர் முதல் நாள் கதிரையில் போய் அமர்ந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த பேக்கரி ஹிஷாம் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க ஸுஹைர் நானா. டிக்கட் எடுத்தாச்சா?"

அந்தக் கேலியைக்கூட ஸுஹைர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது வேறொன்று. நின்று, குனிந்து, நிலத்தில் நெற்றியை வைக்கிற நேரத்தில் எல்லோரும் ஒரு அலையைப் போல இறங்குவார்கள். கதிரையில் இருப்பவர் கொஞ்சம் முன்னால் சாய்வார், அவ்வளவுதான். அறுபது வருடமாக நிலத்தைத் தொட்டுப் பழகிய நெற்றி காற்றில் போய் நிற்கும். குளிர்ந்த கம்பளத்தின் வாசம் வராது. காதுக்குள் ஒரு அமைதி இறங்குமே, அது இறங்காது. தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தாலும் எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்த மாதிரியே இருக்கும். இரண்டு வருடம் அப்படியே போனது.

இரண்டாவது வருடத்து மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"வாற நோன்புப் பெருநாளைக்கு நான் கதிரையில இல்ல. நெலத்துலதான்."

"எந்த நெலத்துல?" என்றார் ஹிஷாம். "விழுந்தா நெலந்தானே."

நாலு பேர் சிரித்தார்கள். ஸுஹைர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சாரா உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்கட வாய் போற வேகத்துக்குக் கால் வருமா?"

"வரும். என்ட காலுக்கு என்னைத் தெரியும்."

"அப்ப அந்தக் காலுகிட்டயே கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாமே."

கேட்கத்தான் வேண்டும் என்று அவருக்கே பட்டது. அதனால்தான் அடுத்த திங்கட்கிழமை, மருந்துக்கடைக்குப் பின்னாலிருந்த கஜேந்திரனின் அறைக்கு ஃபாஸிலின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

கஜேந்திரன் அக்கரப்பத்தனைத் தோட்டத்து வீரம்மாவின் மகன். மூட்டு, தசை, நரம்பு நோவுகளுக்குக் கையாலேயே வைத்தியம் பார்க்கிற படிப்புப் படித்துவிட்டு வந்தவன். வயது முப்பத்து நாலு. அறையில் ஒரு உயரமான கட்டில், ஒரு மேசை, ரயில் பாதையைப் பார்த்த ஒரு ஜன்னல். அவ்வளவுதான். ஸுஹைர் நாலு பக்கமும் பார்த்தார்.

"மெஷின் ஒண்டும் இல்லியா தம்பி?"

"கரண்ட் போனாலும் என் வேலை நிக்காதுங்க மொதலாளி. படுங்க."

அவரைப் படுக்க வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோணமானியைப் போல ஒன்றை முழங்காலோடு சேர்த்துப் பிடித்து அளந்தான். எண்பத்தெட்டுப் பாகை வரைக்கும் மடங்கியது. ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு அளந்து கொடுத்த மனிதருக்குத் தன்னையே ஒருத்தன் அளப்பது கூச்சமாக இருந்தது.

"ஒங்கம்மா சொகமா ஈக்காவா?" என்று பேச்சை மாற்றினார். "நம்மகிட்ட நெறய சீட்டி எடுத்தவ."

"சொகமா இருக்காங்க. நீங்க வர்றீங்கன்னு சொன்னேன். அந்த நானா துணி ரெண்டு தண்ணியில வெளுத்துரும்னு சொன்னாங்க."

"எந்தத் துணி? பச்சையில மஞ்சப் பூப் போட்டதா? அது துணிட குத்தமில்ல தம்பி. அக்கரப்பத்தனைத் தண்ணிட குத்தம்."

கஜேந்திரன் சிரிக்காமல் சிரித்தான். பிறகு, என்ன வேண்டும் என்று கேட்டான். வலி குறைய வேண்டுமா, படி ஏற வேண்டுமா, தூரம் நடக்க வேண்டுமா? ஸுஹைர் யோசிக்கவே இல்லை.

"நெத்தி நெலத்தைத் தொடணும். பெருநாளைக்கு."

கஜேந்திரன் ஃபாஸிலைப் பார்த்து, தொழுகையில் செய்வதையெல்லாம் தரையில் ஒரு தடவை மெதுவாகச் செய்து காட்டச் சொன்னான். ஃபாஸில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், குனிந்தான், இறங்கினான், நெற்றியை வைத்தான், உட்கார்ந்தான், எழுந்தான். கஜேந்திரன் தரையில் குந்தியிருந்து அவனுடைய முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை செய்யச் சொன்னான். கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பையன் ஒருத்தன் தங்கள் தொழுகையை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதை ஸுஹைர் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெத்தி வைக்கிறப்போ முட்டி ரொம்ப மடங்கலைங்க," என்றான் கஜேந்திரன். "கீழ எறங்குறதும், நடுவுல உக்கார்றதும், திரும்ப எந்திரிக்கிறதும்தான் கஷ்டம். நூத்திப் பத்து வந்தா எறங்கிறலாம். தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான், அதை நான் திருப்பித் தர முடியாது. இறுகிப் போனதை எளக்கலாம்."

கிழமைக்கு இரண்டு நாள் போய் வந்தார்.

அந்த அறையில் நடந்ததை அவர் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்லப் போனால் வார்த்தை போதாது. கஜேந்திரன் முழங்கால் சில்லு எலும்பை இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் பிடித்து மேலும் கீழும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவான். ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீரில் மிதப்பது போல அது நகரும். பிறகு கெண்டைக்கால் எலும்பை இரண்டு கையாலும் பிடித்து, மூட்டை மெதுவாக இழுத்து விடுவான். இழுக்கிற நேரத்தில் உள்ளே ஒரு இடம் திறக்கும். மூடிக் கிடந்த வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி குளிர்ந்த காற்று அதற்குள் போகும். ஸுஹைரின் கண் தானாக மூடிக்கொள்ளும்.

மூடிய கண்ணுக்குள் மலைகள் வரும். மூடுபனி கால் மட்டத்தில் ஓடும். அவர் ஏறிக்கொண்டிருப்பார், தலையில் பொட்டணி இருக்கும், ஆனால் பாரம் இருக்காது. படிகள் ஈரத்துணியைப் போல மிருதுவாக இருக்கும். ஏற ஏறப் படி முடியாது. லயங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்து, அவர் கடந்து போனதும் திரும்பவும் முழுகிவிடும். யாரும் கூப்பிடமாட்டார்கள், எதையும் விற்க வேண்டியதில்லை. தேயிலைக்கு மேலே வெயில் விழுந்து பச்சை மணக்கும். தூரத்தில் ஒரு ரயில் போகும், அது உண்மையான ரயிலா கனவு ரயிலா என்று தெரியாது. கொட்டகலை ஸ்டேஷனுக்கு வருகிற பதுளை ரயில் கூவியதும் கண்ணைத் திறப்பார். ஜன்னலுக்கு வெளியே அதே பனி நிற்கும். உள்ளே வரவா என்று கேட்கிற மாதிரி.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல தம்பி. நடந்துக்கிட்டு இருந்தேன்."

பாகை தொண்ணூற்று நாலுக்கு வந்தது. பிறகு நூற்றொன்று. ஸுஹைர் அந்த எண்ணைப் பஜார் முழுக்கச் சொன்னார். மீன்காரனிடம் சொன்னார். "நூத்தியொண்ணு ஈக்கு. கேளுங்க, எழுபத்தொரு வயசுல." ஹிஷாமின் பேக்கரிக்குள் போய் வேண்டுமென்றே பாண் வாங்கினார்.

"நூத்தியொண்ணு காச்சல்ல ஏறினாத்தான் பயம்," என்றார் ஹிஷாம்.

வீட்டில் செய்ய கஜேந்திரன் மூன்று பயிற்சி கொடுத்திருந்தான். படுத்தபடி குதிகாலைப் பாயில் இழுத்து முழங்காலை மடக்குவது பத்துத் தரம். துவாயைப் பாதத்தில் மாட்டி இழுப்பது பத்துத் தரம். கதிரையில் இருந்து காலை நீட்டிப் பிடிப்பது பத்துத் தரம். காலையும் மாலையும். "லேசா கிள்ளுற மாதிரி இருந்தா பரவாயில்ல. எரியிற மாதிரி இருந்தா அந்த எடத்துல நிறுத்திருங்க," என்று சொல்லியிருந்தான்.

மாசி பிறந்தது. நோன்பு தொடங்க இரண்டு கிழமை இருந்தபோது ஒரு காலையில் ஸுஹைர் எழும்பிப் பார்த்தார். முழங்கால் வீங்கி, மேலே தோல் பளபளவென்று இழுத்துக் கிடந்தது. தொட்டால் சூடு. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இறக்கி மூடிக்கொண்டார். கஜேந்திரனிடம் போன அன்றைக்கு அவன் கையை வைத்த மாத்திரத்திலேயே எடுத்துவிட்டான்.

"என்ன மொதலாளி இது?"

"குளிருக்கு."

"குளிருக்கு சூடு ஏறாதுங்க. என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொன்னதுதான்."

அன்றைக்கு அவரோடு வந்திருந்த சாரா உம்மா கதவருகில் நின்றிருந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"பத்துக்கு இருவத்தஞ்சு செய்றார் தம்பி. எண்ணிக்கிட்டுத்தான் ஈக்கேன். பத்து முடிஞ்சதும் நான் போதும்னு சொன்னா, இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுத்துருவோம்கிறார். எரியிதா கேட்டா, எரியிறதுக்கு அங்கால நாலு வெரல் போனாத்தான் நல்லதுங்கிறார்."

ஸுஹைர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஐம்பத்தைந்து வருடம் அவரை மனிதனாக வைத்திருந்த ஒரு வழக்கத்தை, அவர் தன் காலுக்கும் செய்துவிட்டார். யார் கேட்டாலும் அதில் குற்றம் காணமாட்டார்கள். அளந்த இடத்தில் வெட்டுவது கஞ்சத்தனம் இல்லையா?

கஜேந்திரன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். கோபப்படவில்லை.

"இது துணி இல்லீங்க மொதலாளி. கூட்டிக் குடுத்தா சந்தோசப்படாது. உள்ளுக்குள்ள தண்ணி கட்டிக்கிட்டு நிக்குது."

"திரும்ப எத்தனை?"

அளந்தான். "தொண்ணூறு."

இரண்டு மாதத்து வேலை ஒரு கிழமைக்குள் போயிருந்தது. ஸுஹைருக்கு வாழ்க்கையில் நட்டம் வந்திருக்கிறது, மழையில் பொட்டணி நனைந்து போயிருக்கிறது, அப்போதெல்லாம் அவர் இன்னும் கொஞ்சம் தூரம் நடந்து சரிக்கட்டியிருக்கிறார். இதை நடந்து சரிக்கட்ட முடியாது.

"இனி முடியாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் குரலில் சாரா உம்மா அதற்கு முன் கேட்டதில்லை.

"முடியும்னும் சொல்ல மாட்டேன், முடியாதுன்னும் சொல்ல மாட்டேன். பன்னண்டு நாளைக்கு ஒண்ணும் செய்யாதீங்க. குளிர்ந்த துணி போடுங்க, காலை ஒசத்தி வைங்க. அதுக்கு மேல செய்யாம இருக்கிறதுதான் ஒங்க வேலை. அது கஷ்டமான வேலை."

உண்மையிலேயே அது கஷ்டமான வேலையாக இருந்தது. இரண்டு தலையணைக்கு மேல் காலை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தார். பனி வருவதும் போவதுமாக இருந்தது. மலை தெரியும், பிறகு தெரியாது. மலை தெரியாத நேரத்திலும் அது அங்கேயே இருக்கிறது என்பதை அவர் புதிதாகக் கண்டுபிடித்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் அளக்கவில்லை, யாரும் கூட்டவில்லை. ஒவ்வொரு நாளும் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக, அவரைக் கேட்காமலே, வற்றியது. தன்னால் ஆகாத ஒரு காரியம் தன் உடம்புக்குள்ளேயே தானாக நடப்பது அவருக்கு முதலில் அவமானமாக இருந்தது. எட்டாம் நாள் அது ஆறுதலாக மாறிவிட்டது. பகலில் அடிக்கடி கண் அயர்ந்தார். கனவில் இப்போது ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தார்.

நோன்பு வந்தது. பட்டினி வயிற்றோடு மத்தியானத்தில் கஜேந்திரனின் அறைக்குப் போனார். அவன் திரும்பவும் சில்லை மிதக்கவிட்டான், மூட்டை இழுத்துத் திறந்தான். இந்தத் தடவை அவர் எத்தனை பாகை என்று கேட்கவில்லை. அவனாகவே ஒரு நாள் சொன்னான்.

"நூத்திப் பன்னண்டு."

பெருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. அன்றைக்கு அவனே ஒரு பாயைத் தரையில் விரித்தான். எப்படி இறங்குவது என்று காட்டினான். முதலில் இரண்டு கையையும் முன்னால் ஊன்ற வேண்டும், நல்ல இடது முழங்காலை முதலில் வைக்க வேண்டும், வலதைப் பிறகு மெதுவாகக் கொண்டுவர வேண்டும், நடுவில் உட்காரும்போது வலது காலைப் பக்கத்தில் நீட்டிக்கொள்ள வேண்டும். முடிந்த மாதிரி உட்காரலாம் என்று பள்ளிவாசல் மௌலவியும் சொல்லியிருந்தார். ஸுஹைர் இறங்கினார். முழங்கால் கிள்ளியது, எரியவில்லை. கையும் முழங்காலும் தரையில் இருந்தன.

"நெத்தியையும் வச்சுப் பாருங்க."

"வேண்டாம் தம்பி. அதைப் பள்ளியில வச்சிக்கிறேன்."

எழும்புவதுதான் வரவில்லை. இரண்டு தடவை முயன்றார். தொடை நடுங்கியது. கஜேந்திரனும் ஃபாஸிலும் பிடித்துத் தூக்கினார்கள்.

"ஒரு கிழமையில அது வராதுங்க," என்றான் கஜேந்திரன். "பொய் சொல்ல மாட்டேன். எந்திரிக்கிறதுக்குத் தொடைக்குப் பலம் வேணும். அதுக்கு இன்னும் ரெண்டு மாசமாவது ஆகும். கதிரையில இருந்தீங்கன்னா நின்னு தொழலாம், நேரா உக்காரலாம். கீழ எறங்கினீங்கன்னா திரும்ப நிக்க முடியாம போகலாம். யோசிச்சுக்கங்க."

ஒரு கிழமையும் அவர் அதைத்தான் யோசித்தார். இறங்கினால் எல்லோர் முன்னாலும் எழும்ப முடியாமல் கிடக்க வேண்டும். ஹிஷாம் பார்ப்பார். மீன்காரன் பார்ப்பான். நூற்றொன்று என்று பஜாரெல்லாம் சொன்ன மனிதர், தூக்கிவிடுங்கள் என்று கையை நீட்ட வேண்டும். கதிரையில் இருந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், இரண்டு நாளைக்குக் கேலி பண்ணிவிட்டு மறந்துவிடுவார்கள்.

பெருநாள் காலை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையில் பள்ளிவாசல் முற்றம் நனைந்து கிடந்தது. பனி மினாராவின் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. ஸுஹைர் உள்ளே வந்தார். கதிரைகளின் பக்கமாகப் போனார். ஹிஷாம் பக்கத்துக் கதிரையைக் கையால் துடைத்துவிட்டார், கேலி பேசவில்லை. ஸுஹைர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வரிசையில் ஃபாஸிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டினார்கள். ஓதினார்கள். குனிந்தார்கள். பிறகு அந்த அலை இறங்கியது. ஸுஹைர் கையை ஊன்றினார், இடது முழங்காலை வைத்தார், வலதைக் கொண்டுவந்தார். கிள்ளியது. நெற்றியை வைத்தார்.

கம்பளம் குளிர்ந்திருந்தது. இரண்டு வருடமாக வராத வாசம், ஈரமும் அத்தரும் பழைய நூலும் கலந்தது, மூக்குக்குள் ஏறியது. காதுக்குள் அந்த அமைதி இறங்கியது. அவர் என்ன ஓதினார் என்பது அவருக்கே தெரியாது. எவ்வளவு நேரம் என்றும் தெரியாது. நிலம் அவருடைய நெற்றியை ஒரு கையைப் போலத் தாங்கிக்கொண்டிருந்தது.

தொழுகையின் அடுத்த சுற்றான இரண்டாவது ரக்அத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவரும் எழும்பப் பார்த்தார். தொடை நடுங்கியது. இன்னொரு தடவை பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். வலது காலைப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு, வரிசைக்குள்ளேயே, நின்றவர்களுக்கு நடுவில் அமர்ந்துகொண்டார். சுற்றிலும் கால்கள், சாரங்கள், வெள்ளை ஜிப்பாக்களின் ஓரங்கள். ஒரு காட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தலைக்கு மேலே பெருநாள் தொழுகையின் ஐந்து தக்பீரும் பனிக்கு மேலே பறக்கிற பறவைகளைப் போலப் போயின. அவர் ஒவ்வொன்றுக்கும் கையை உயர்த்தினார். இமாமின் குரல் எங்கோ உயரத்திலிருந்து வந்தது. அவர் அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு நிம்மதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

அலை திரும்பவும் இறங்கியபோது அவர் ஏற்கெனவே கீழேதான் இருந்தார். கொஞ்சம் குனிந்தால் போதுமாக இருந்தது.

சலாம் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துப் பெருநாள் வாழ்த்துச் சொன்னார்கள். ஹிஷாம் தன் கதிரையிலிருந்து இறங்கி மெதுவாக வந்தார். ஃபாஸில் வாப்பாவின் கக்கத்தில் கையைக் கொடுத்தான். இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள்.

"தூக்கவா வாப்பா?"

ஸுஹைர் அவர்களை அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் கம்பளத்து நூலின் கோடுகள் பதிந்திருந்தன.

"தூக்குங்க," என்றார். "ஆனா இப்ப வேண்டாம். கொஞ்சம் இருந்துட்டு."

ஹிஷாம் குனிந்து, தன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"கீழ எப்படி ஈக்கு ஸுஹைர் நானா?"

"குளிரா ஈக்கு," என்றார் ஸுஹைர். "அந்தத் தம்பிட நம்பர் தாரேன், எழுதிக்கங்க."